உரிமையாளரிடம் கோடி கோடியாய் இருந்தும் கிளப் ஏன் ஆளை விற்கிறது?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். திருச்சியில் பி.காம் கடைசி ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாசில் யுனைடெட்டின் ரசிகன். 2021-ல் சவூதி அரசின் முதலீட்டு நிதி கிளப்பை வாங்கியபோது இனி நமக்கு யோகம்தான் என்று குதித்தோம். ஆனால் 2024 ஜூனில் சொந்த ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை விற்றார்கள். மறு ஆண்டு எங்கள் முன்னணி கோலடிப்பவர் இசாக்கும் போய்விட்டார். உரிமையாளர் தன் காசைப் போடத் தயாராக இருக்கும்போது ‘போடாதே’ என்று ஒரு விதி தடுப்பது என்ன நியாயம்? செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் இப்படித்தானே மேலே வந்தார்கள்? எவர்டனுக்கு மளமளவென்று புள்ளி வெட்டுகிறார்கள், சிட்டி வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதைச் சொன்னால் நண்பர்கள், ‘சவூதிப் பணத்தை வைத்துக்கொண்டு நீ நியாயம் பேசாதே’ என்று வாயை அடைக்கிறார்கள். ஒரு ஆடிட்டராக நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆலோசனை:

தம்பி, இசாக்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். 2025 கோடையில் போயே தீர வேண்டும் என்று நின்றவர் அவர்தான். அணியோடு பயிற்சிக்கே வரவில்லை. கடைசியில் லிவர்பூல் 12.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. பிரிட்டிஷ் கிளப் எதுவும் அதுவரை ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுக்காத தொகை. அதற்கு விதியைத் திட்டிப் பயனில்லை. ஆண்டர்சன் விவகாரம் வேறு. உங்கள் கேள்வி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

நம் ஊர் ஆடிட்டர்களுக்கு மார்ச் 31 எப்படியோ, இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் பெரும்பாலானவற்றுக்கு ஜூன் 30 அப்படி. அன்றைக்குக் கணக்கு மூடுகிறார்கள். 2013-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரைதான் நஷ்டம் காட்டலாம். அதிலும் 1.5 கோடிக்கு மேல் போவதை உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். மைதானம், இளையோர் அகாடமி, பெண்கள் அணி, ஊர் நலப்பணி இவற்றுக்கான செலவை நஷ்டத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நியூகாசில் 2021-22லும் 2022-23லும் தலா 7 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டியிருந்தது. கழிவுகள் எல்லாம் போக, 2024 ஜூன் 30-க்குள் ஒரு பெரிய லாபத்தை ஏட்டில் ஏற்றியே ஆக வேண்டிய நிலை.

பி.காம் படிக்கிறீர்கள், அமார்ட்டைசேஷன் தெரிந்திருக்கும். 10 கோடிக்கு ஒருவரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 2 கோடிதான் செலவு என்று எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய ஏட்டு மதிப்பு 6 கோடி. 8 கோடிக்கு விற்றால் லாபம் 2 கோடி. சரி, எட்டு வயதில் அகாடமியில் சேர்ந்து அங்கேயே வளர்ந்த பையனுக்கு ஏட்டு மதிப்பு என்ன? பூஜ்யம். அவரை யாரும் வாங்கவே இல்லையே. அதனால் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சுமார் 3.5 கோடிக்கு வாங்கியபோது அந்த 3.5 கோடியும் அப்படியே லாபம். அதுவும் அந்த ஆண்டிலேயே.

அதே சமயத்தில் ஃபாரஸ்டிலிருந்து விளாகோடிமோஸ் என்ற கோல்கீப்பரை நியூகாசில் வாங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? சுமார் 2 கோடி என்று செய்தி வந்தது. அந்தப் பருவத்தில் லீக் ஆட்டம் எதிலும் அவர் களமிறங்கவில்லை. இது ஆட்டத்துக்காக வாங்கியதா, கணக்குக்காக வாங்கியதா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால் வாங்கியவர் தலையில் ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்டுதான் ஏறும். விற்றவருக்கு மட்டும் முழுத் தொகையும் அன்றே கணக்குக்கு வந்துவிடும். அந்த ஜூனில் இப்படி ஒரு சந்தையே நடந்தது. ஆஸ்டன் வில்லாவின் அகாடமிப் பையன் கெல்லிமேன் செல்சிக்குப் போனார், செல்சி அகாடமியில் வளர்ந்த மாட்சன் வில்லாவுக்கு வந்தார். எவர்டனின் டாபின் வில்லாவுக்கு, வில்லாவின் இரோக்பூனம் எவர்டனுக்கு. எல்லாருக்கும் ஏட்டில் லாபம்.

எனக்கு இந்த விதியின் மேல் உள்ள பெரிய கோபம் இதுதான். நீங்கள் உரிமையாளருக்கு அநியாயம் நடந்ததாக வருத்தப்படுகிறீர்கள். அவருக்கு ஒரு குறையும் இல்லை. விதியால் அடிபட்டது, தெருவில் பந்து உதைத்து அதே ஊர் கிளப்புக்கு வந்து சேர்ந்த பையன்தான். வெளியிலிருந்து வாங்கியவனை வைத்துக்கொள், வீட்டில் வளர்ந்தவனை விற்று விடு என்று கணக்கு ஏடே கிளப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அகாடமிக்குச் செலவழித்தால் கழிவு உண்டு என்று ஒரு கையால் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்த அகாடமியில் விளைந்ததை ஜூன் கடைசியில் சந்தைக்கு அனுப்ப வைக்கிறார்கள். ஆண்டர்சன் அடுத்த ஆண்டே இங்கிலாந்து அணிக்கு ஆடினார் என்பது உங்களுக்கே தெரியும், வயிற்றெரிச்சலைக் கிளறவில்லை.

அப்படியானால் வரம்பையே எடுத்துவிட்டு உரிமையாளரை இஷ்டம் போலச் செலவழிக்க விடலாமா? அங்கே நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

போர்ட்ஸ்மத் என்று ஒரு கிளப். 2008-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றது. உரிமையாளர் கையை நம்பிச் சம்பளம் பேசியிருந்தார்கள். அந்தக் கை பின்வாங்கியது. 2009-10 என்ற ஒரே பருவத்தில் நான்கு உரிமையாளர்கள் மாறினார்கள். அதில் ஒருவரான சுலைமான் அல் ஃபாஹிம், 2008-ல் அபுதாபி தரப்பு மான்செஸ்டர் சிட்டியை வாங்கியபோது பத்திரிகைகளுக்கு முகம் காட்டிய அதே ஆள் என்பது தனி வேடிக்கை. 2010 பிப்ரவரியில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதிக்கு வந்த முதல் கிளப் அதுதான். 9 புள்ளி வெட்டு, கீழ் டிவிஷனுக்கு இறக்கம். மூன்றே ஆண்டில் நான்காம் டிவிஷன். கடன் கொடுத்தவர்கள் பட்டியல் வெளியானபோது, ஆட்ட நாளில் மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்களுக்கும் பாக்கி இருந்தது. இங்கிலாந்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கிளப் நொடித்தால் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் முழுப் பணம் போய்ச் சேர வேண்டும், மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. ஆக, கோடிகளில் சம்பளம் வாங்கியவருக்கு முழுசாகக் கிடைக்கும், முதலுதவிப் பெட்டியோடு வந்தவர் கையேந்தி நிற்பார். கடன் கொடுத்தோர் பட்டியல்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த எனக்கே அது கசந்தது.

ஸ்பெயினில் மலாகாவை 2010-ல் கத்தார் ஷேக் ஒருவர் வாங்கினார். 2013-ல் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. ஆனால் அதற்குள்ளேயே பண வரத்து நின்று, பாக்கி வைத்ததற்காக ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடை வாங்கியிருந்தார்கள். 2023-ல் அந்த கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது.

உரிமையாளருக்கு மனம் இருந்தாலும் பணம் வராமல் போகலாம். உக்ரைன் போருக்குப் பின், 2022 மார்ச்சில் செல்சி உரிமையாளர் அப்ரமோவிச்சின் சொத்துகளைப் பிரிட்டிஷ் அரசு முடக்கியது. கிளப் ஒரு சிறப்பு உரிமத்தில் ஓடியது. புதிதாக டிக்கெட் விற்கக் கூடாது, கிளப் கடையைத் திறக்கக் கூடாது, ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. உலக கிளப் கோப்பையை முந்தைய மாதம்தான் வென்றிருந்த அணி, பஸ்ஸில் போவதா விமானத்தில் போவதா என்று கணக்குப் போட்டது. வாங்க ஆள் கிடைத்ததால் தப்பித்தார்கள்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 2012-ல் கிளப் கீழே இறங்கியது, 2017-ல் இன்னும் ஒரு படி கீழே. 2012-ல் கோபத்தில் இருந்த ரசிகர்கள் கிளப் கொடியைச் சுற்றிய ஒரு உயிர்க்கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. இந்தியாவில் ஒரு விசாரணை நடந்ததால், கிளப்புக்குப் பணம் அனுப்புவதற்கே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. லங்காஷயரில் உள்ள ஒரு கிளப்பின் செலவுக்கு டெல்லியில் வாய்தா! வெளிநாட்டு முதலாளி கெட்டவர், உள்ளூர் முதலாளி நல்லவர் என்று நான் பிரிக்கவில்லை. 1995-ல் அதே பிளாக்பர்ன் லீக் பட்டம் வென்றதும் ஒரு முதலாளியின் பணத்தில்தான். ஜாக் வாக்கர், ஊர்க்காரர், இரும்பு வியாபாரி. எந்த ஊர்ப் பையாக இருந்தாலும் ஒரே பையை நம்பிய கிளப் அந்தப் பை மூடினால் பட்டினி. விதி கிளப்பின் சொந்த வருமானத்தைப் பார்ப்பது இதனால்தான்.

செல்சியும் சிட்டியும் இப்படித்தானே வந்தார்கள் என்று கேட்டீர்கள். பெரிய கிளப்புகள் தங்களைக் காத்துக்கொள்ள வைத்த விதி என்பதுதானே அதன் பொருள்? இதில் நிறைய உண்மை இருக்கிறது. அப்ரமோவிச் செல்சிக்கு சுமார் 150 கோடி பவுண்டு கடனாகவே கொட்டினார், போகும்போது அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. 2013-ல் இந்த விதி ஓட்டெடுப்புக்கு வந்தபோது செல்சி ஆதரித்தது. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர், அடுத்த வரிசைக்கு அளந்துதான் பரிமாற வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாதிரி. சிட்டி அன்றைக்கு எதிர்த்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு வைத்த 10.5 கோடி வரம்பை அதன்பின் ஒரு பவுண்டுகூட உயர்த்தவில்லை. டிவி உரிமைத் தொகை, சம்பளம், ஆட்டக்காரர் விலை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. 2023-24ல் சிட்டியின் வருமானம் 71.5 கோடி பவுண்டு, நியூகாசிலுக்கு 32 கோடி. இருவருக்கும் அனுமதித்த நஷ்டம் ஒன்றுதான். கேட்க சமத்துவம் மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை எப்படிக் குறைப்பது? ஸ்பான்சர் மூலம் உரிமையாளர் பணத்தைக் கொண்டுவரலாமே என்று தோன்றும். அந்தக் கதவை 2021 அக்டோபரில் நியூகாசில் கைமாறிய சில வாரங்களிலேயே மற்ற கிளப்புகள் சாத்தின. உரிமையாளரோடு தொடர்புள்ள நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் சந்தை விலைக்கு மேல் போகக் கூடாது என்று டிசம்பரில் விதியே எழுதிவிட்டார்கள். நியூகாசில் சட்டையில் இருக்கும் சேலா, அதே சவூதி நிதிக்குச் சொந்தமான நிறுவனம்தான். ஒப்பந்தம் செல்லும், ஆனால் இஷ்டப்பட்ட தொகை எழுத முடியாது.

விதியின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவசரம்தான் உறுத்துகிறது. அதோடு ஒரு ஓட்டையும் வைத்திருந்தார்கள். இந்த ஸ்பான்சர் விதியை எதிர்த்து சிட்டி வழக்குப் போட்டபோது, 2024 அக்டோபரில் நடுவர் மன்றம் அதைச் சுட்டிக்காட்டியது. ஸ்பான்சர் தொகைக்குச் சந்தை விலை பார்த்தவர்கள், உரிமையாளர் வட்டியில்லாமல் கொடுக்கும் கடனுக்குப் பார்க்கவில்லை. அர்செனல், பிரைட்டன் போன்ற கிளப்புகளில் அப்படிப்பட்ட கடன் ஏராளம். வட்டி கட்டாத கடனும் ஒரு மானியம்தானே?

என் கையில் பேனா இருந்தால், உரிமையாளர் பணம் போடட்டும், ஆனால் ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான சம்பளத்தையும் விலையையும் முன்கூட்டியே வங்கியில் கட்டிவிட்டுச் செலவழிக்கட்டும் என்று எழுதுவேன். நாளைக்கு அவர் போனாலும் கிளப் நிற்கும். அப்புறம், அகாடமி ஆட்டக்காரரை விற்ற லாபத்தை ஒரே ஆண்டில் காட்ட விடாமல் நான்கைந்து ஆண்டுக்குப் பிரிக்கச் சொல்வேன். கம்பெனிச் சட்டக் கணக்கு அதன் பாட்டுக்கு இருக்கட்டும். லீக்கின் கணக்கு ஏற்கெனவே தனியாகக் கூட்டிக் கழித்துப் போடுவதுதான், இன்னொரு வரி சேர்ப்பதில் சிரமம் இல்லை. ஜூன் கடைசி வாரச் சந்தை தானாகப் படுத்துவிடும்.

எவர்டன், சிட்டி ஒப்பீடு உணர்ச்சியில் சரி, வழக்காகப் பார்த்தால் சரியில்லை. வரம்பைத் தாண்டியதை எவர்டனே ஒப்புக்கொண்டது. விசாரித்த ஆணையம் 1.95 கோடி தாண்டியதாக முடிவு செய்தது. எந்தச் செலவைக் கழிக்கலாம், புது மைதானக் கடனின் வட்டியை எங்கே எழுதலாம் என்றுதான் சண்டை. 2023 மார்ச்சில் குற்றச்சாட்டு, நவம்பரில் 10 புள்ளி வெட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆனது, அடுத்த கணக்காண்டுக்காக இன்னும் 2. வெட்டெல்லாம் ஒரே பருவத்தில். கூட்டல் கழித்தல் வழக்கு சீக்கிரம் முடியும். ஆண்டர்சனை வாங்கிய ஃபாரஸ்டுக்கும் 4 புள்ளி போனது. தங்கள் ஆட்டக்காரர் பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் வரம்புக்கு நெருங்கியிருப்பார்கள். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பர் 1-ல் விற்றார்கள். அதிக விலைக்கு விற்றதுதானே புத்திசாலித்தனம் என்ற வாதம் எடுபடவில்லை. கணக்கு மூடிய பிறகு வந்த காசு அடுத்த ஆண்டுக் காசு.

சிட்டியின் மேல் 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. அங்கே வரம்பைத் தாண்டினார்களா என்பதோடு கேள்வி நிற்கவில்லை, பல ஆண்டுகளாகக் கொடுத்த கணக்கே உண்மையா என்கிறார்கள். சிட்டி அனைத்தையும் மறுக்கிறது. விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. ஆவணம், மின்னஞ்சல், சாட்சி, பெரிய வக்கீல்கள் என்று போகும் வழக்கு அது. நீளும். ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கக் காசுள்ளவர் வழக்கு நீளும், இல்லாதவர் வழக்கு சட்டென்று முடியும் என்ற உங்கள் சந்தேகத்தை என்னால் முழுசாகத் தட்டிவிட முடியாது. வரம்பைத் தாண்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட லெஸ்டர் கிளப்பைப் பாருங்கள். கணக்கு மூடும் 2023 ஜூன் 30-ல் கிளப் ஏற்கெனவே கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டது, ஆகவே பிரீமியர் லீக்குக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடி 2024-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். விதியின் வாசகத்தை ஊன்றிப் படித்த வக்கீலின் வெற்றி. செல்சியும் தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் தாய் நிறுவனக் குழுவிலேயே இன்னொரு கம்பெனிக்கு 7.65 கோடிக்கு விற்று லாபம் எழுதியது. பிரீமியர் லீக் விதியில் அதற்குத் தடை இல்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ ஒப்புக்கொள்ளவில்லை, 2025-ல் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். ஒரு அரசு தன் பெயரைத் துலக்க கிளப் வாங்குகிறதா என்பது நியாயமான கேள்வி. ரசிகர் என்பதால் அதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் நஷ்ட வரம்புக்கும் சம்பந்தம் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை உரிமையாளரைச் சோதிக்கும் விதி பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகிறது என்பதை நிதி விதி பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டிலும் ஓட்டை விழும். 2025-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தனிக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. உரிமையாளரைச் சோதிக்கும் வேலை அவர்களிடமும் போகிறது. அடுத்த முறை நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2026-27 பருவத்திலிருந்து நஷ்ட வரம்புக்குப் பதில் புது அளவுகோல் வருகிறது. 2025 நவம்பரில் கிளப்புகள் ஓட்டுப்போட்டு ஏற்றன. ஆட்டக்காரர், பயிற்சியாளர் சம்பளம், அமார்ட்டைசேஷன், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து கால்பந்து வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டியில் ஆடுபவர்களுக்கு யுஇஎஃப்ஏ வரம்பு 70 சதவீதம். ஹோட்டல் விற்ற காசு இதில் வராது, நல்ல விஷயம். ஆனால் நான் மேலே சொன்ன வருமானத்தையே வைத்துப் போட்டுப் பாருங்கள். 85 சதவீதத்தில் நியூகாசில் 27.2 கோடி செலவழிக்கலாம், சிட்டி 60.8 கோடி செலவழிக்கலாம். ஆட்டக்காரரை விற்ற லாபம் இந்தக் கணக்கிலும் சேரும். ஆக, அகாடமிப் பையனுக்கு ஏட்டில் இன்னும் அதே மவுசுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். பிரிட்டனில் எல்லாக் கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கும் கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நியூகாசிலின் 2023-24 கணக்கைத் திறந்து முதலில் லாப நஷ்டப் பக்கத்துக்குப் போங்கள். நஷ்டம் 1.1 கோடிக்குச் சுருங்கியிருக்கும். ஆட்டக்காரர் பதிவை விற்ற லாபம் என்று தனி வரி இருக்கும். அதை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் நஷ்டம் எத்தனையாக இருந்திருக்கும் என்று தெரியும். அப்படியே முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் செய்து பார்த்து எழுதுங்கள். கழிவுகளை ஊகிப்பதில் சந்தேகம் வந்தால் அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம்.